பெங்களூர் ப்ரூபப்: முதன்முறை போகிறவர்களுக்கு

பெங்களூருக்கு வார இறுதியில் வருகிற நிறையப் பேர் கையில் ஒரு பட்டியலோடு வருகிறார்கள். டாய்ட், ஆர்பர், விண்ட்மில்ஸ், பிக் ப்ருவ்ஸ்கி, கைஸ்ட் என்று ஐந்தாறு பீர்க் கடைகளின் பெயர் இருக்கும், எல்லாவற்றையும் சனிக்கிழமை ஒரே நாளில் முடித்துவிட வேண்டும் என்பது திட்டம். மேப்பில் பார்த்தால் ஒன்றுக்கொன்று பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான் தெரியும், ஆனால் பெங்களூரில் தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்குப் போடுகிறவர் இன்னும் அந்த ஊர் டிராஃபிக்கில் உட்காரவில்லை என்றுதான் அர்த்தம். மாலை ஆறு மணிக்கு மாரத்தஹள்ளியிலிருந்து இந்திரா நகர் வந்து பாருங்கள், தெரியும்.

என் பேச்சைக் கேட்பதாக இருந்தால் இவ்வளவுதான். ஒரு நாளைக்கு ஒரு திசை. அந்தத் திசையில் ஒரு கடை, மிஞ்சிப்போனால் இரண்டு. அங்கே போய் பெரிய கிளாஸில் ஒரே பீரை இரண்டு மூன்று முறை வாங்காமல், சின்ன கிளாஸில் நாலைந்து வகை. இதை மட்டும் செய்தாலே நல்லபடியாகப் போய் வந்துவிடலாம், கீழே எழுதியிருப்பதெல்லாம் இதற்கான விவரம்.

21 வயது நிரம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். குடிப்பழக்கம் இல்லாதவர்கள் இதற்காக ஆரம்பிக்க வேண்டிய அவசியமும் இல்லை. கூடப் போய் நல்லா சாப்பிட்டுவிட்டு வரலாம், அதற்கும் கீழே இடம் வைத்திருக்கிறேன்.

முதலில், எங்கே போகிறோம்

ப்ரூபப் என்றால் பீரைக் கடைக்குள்ளேயே காய்ச்சி, அங்கேயே ஊற்றிக் கொடுக்கும் இடம். உள்ளே நுழைந்ததும் கண்ணாடிக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு மேல் எவர்சில்வர் தொட்டிகள் வரிசையாக நிற்கும், அதுதான் அடையாளம். டேப்ரூம் என்பது கொஞ்சம் வேறு: ஒரு ப்ரூவரி தன் பீரை நேரடியாகக் குழாயில் விடும் கூடம், அல்லது வேறிடத்தில் காய்ச்சிய பீரைப் பீப்பாயில் வரவழைத்துக் குழாயில் விடும் பார். பெங்களூரில் ஆட்கள் இரண்டையும் சேர்த்து 'ப்ரூவரி' என்றுதான் சொல்கிறார்கள், நீங்களும் அப்படியே சொல்லலாம், யாரும் திருத்த மாட்டார்கள்.

பாட்டில் பீருக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம், இங்கே கிடைப்பதில் பெரும்பாலானவை வடிகட்டாதவை, பாட்டிலில் அடைக்கும் பீர் போலச் சூடுபடுத்திப் பதப்படுத்தாதவை. அதனால் கலங்கலாக இருக்கும், மணம் தூக்கலாக இருக்கும், நாள் தாங்காது. கலங்கலைப் பார்த்துக் கெட்டுப்போய்விட்டதோ என்று முகம் சுளிக்க வேண்டாம், கோதுமை பீர் அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஊருக்கும் பீருக்கும் உறவு பழையது. பிரிட்டிஷ் கன்டோன்மென்ட் காலத்திலேயே இங்கே பட்டாளத்துக்காக பீர் காய்ச்சினார்கள். 1915இல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் நீலகிரி, பெங்களூர்ப் பக்கத்துச் சின்ன ப்ரூவரிகளைச் சேர்த்து யுனைடெட் ப்ரூவரீஸ் ஆக்கினார், பின்னால் கிங்ஃபிஷர் வந்ததெல்லாம் அந்த வழியில்தான். இப்போதைய ப்ரூபப் அலை 2010இல் இந்திரா நகரில் டாய்ட் திறந்த காலத்தில் ஆரம்பித்தது. 2011இல் விட்டல் மல்லையா சாலையில் பியேர் கிளப், 2012இல் மெக்ராத் சாலையில் ஆர்பர், அதே ஆண்டு ஒய்ட்ஃபீல்டில் விண்ட்மில்ஸ். அப்புறம் தெருவுக்குத் தெரு. முதல் கடை யாருடையது என்பதில் வாக்குவாதம் உண்டு, அது உங்களுக்குத் தேவையில்லை.

நாளும் நேரமும்

சனிக்கிழமை இரவைத் தவிர்த்துவிடுங்கள். உட்கார இடம் கிடைக்காது, கிடைத்தாலும் பாட்டுச் சத்தத்தில் பரிமாறுகிறவரிடம் ஒரு கேள்வி கேட்க முடியாது, கேள்வி கேட்க முடியாத ப்ரூபப் உங்களுக்கு வேறு எந்தப் பாரையும் போலத்தான். வேலை நாளில் மதியம் மூன்றிலிருந்து ஆறு மணி வரை பொன்னான நேரம். கூட்டம் இல்லை, நிறையக் கடைகளில் அந்த நேரத்துக்கு விலைக் குறைப்பு இருக்கும், சில சமயம் காய்ச்சுகிற ஆளே வெளியே வந்து நிற்பார். அவரிடம் தொட்டியைக் காட்டி இரண்டு வார்த்தை கேட்டால் அரை மணி நேரம் பேசுவார், அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அதைப் பற்றிப் பேசப் பிடிக்கும். வார நாளில் வர முடியாதவர்களுக்கு ஞாயிறு மதியம் இரண்டாம் பட்சம்: குடும்பங்கள், குழந்தைகள், நிதானம்.

ட்ரை டே பார்த்துக்கொள்ளுங்கள். ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 மூன்றும் மூடல். தேர்தல் என்றால் வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரமும், எண்ணும் நாளும் கிடையாது. இது தவிர விநாயகர் ஊர்வலம் போன்ற நாட்களில் போலீஸ் குறிப்பிட்ட பகுதிகளில் மட்டும் மூடச் சொல்வதுண்டு. சென்னையிலிருந்து டிக்கெட் போட்டு வந்து, கடை வாசலில் பூட்டைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு போன் அடித்துக் கேட்டுவிடுவது நல்லது.

திசையைத் தேர்ந்தெடுப்பது

முதல் தடவை என்றால் நான் சொல்வது பர்ப்பிள் லைன். மெட்ரோவில் போய், மெட்ரோவில் திரும்பிவிடலாம், வண்டி என்ற பேச்சே இல்லை.

இந்திரா நகர் ஸ்டேஷனில் இறங்கினால் டாய்ட் நடக்கிற தூரம்தான், 100 அடிச் சாலையில். அதன் விலாசத்திலேயே மெட்ரோ தூண் நம்பர் 62 என்று போட்டிருப்பார்கள், அதைவிடச் சுலபமான அடையாளம் வேண்டாம். பழைய கடை என்பதால் கூட்டம் எப்போதும் இருக்கும், இருந்தாலும் முதல் தடவைக்கு இதைத்தான் சொல்வேன், ஏனென்றால் அடிப்படை வகைகள் எல்லாம் ஒரே பலகையில் கிடைக்கும்: கோதுமையில் வைஸ், பெல்ஜிய வழியில் டின்டின், ஐரிஷ் வழியில் ரெட், பாசுமதி அரிசி போட்டுக் காய்ச்சிய பாசுமதி ப்ளாண்ட். அதே லைனில் எம்.ஜி. ரோடு ஸ்டேஷனில் இறங்கி, கருடா மால் பக்கம் நடந்தாலோ ஆட்டோ பிடித்தாலோ ஆர்பர் வரும். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் ஊரில் 1995இல் ஆரம்பித்த ப்ரூவரியின் பெங்களூர் உறவு அது. கசப்பு பீர் பிடிக்கிறவர்களுக்கு அங்கே ரேஜிங் எலிஃபண்ட் ஐபிஏ இருக்கிறது. கசப்பு பிடிக்காதவர்கள் பெயரைப் பார்த்தே ஒதுங்கிக்கொள்ளலாம்.

இரண்டாவது நாள் இருந்தால் கிழக்கே போங்கள். 2023 அக்டோபரிலிருந்து பர்ப்பிள் லைன் ஒய்ட்ஃபீல்டு வரை முழுசாக ஓடுகிறது, முன்னெல்லாம் ஒய்ட்ஃபீல்டு போவது வெளியூர் போவதற்குச் சமம். அங்கே ஐ.டி. கம்பெனிகள் இருக்கும் ஈபிஐபி பகுதியில் விண்ட்மில்ஸ். சுவர் முழுக்கப் புத்தக அலமாரி, ஜாஸ் கச்சேரிக்கு ஒரு மேடை, கூச்சல் போடும் கூட்டம் கிடையாது. விலை கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் பேசிக்கொண்டு உட்கார்வதற்கு இந்த ஊரில் எனக்குப் பிடித்த இடம் இதுதான். கே.ஆர்.புரத்தில் இறங்கினால் பழைய மெட்ராஸ் ரோட்டில் ஆட்டோ பிடித்துக் கைஸ்ட் போகலாம். அது உண்மையிலேயே ஒரு ப்ரூவரி, ஊரில் பல பார்களுக்கு அங்கிருந்துதான் பீப்பாய் போகிறது, கூடவே உட்கார்ந்து சாப்பிடும் இடமும் வைத்திருக்கிறார்கள். சென்னையிலிருந்து பிருந்தாவன் மாதிரி ரயிலில் வருகிறவர்கள் கே.ஆர்.புரத்திலேயே இறங்கிவிட்டால், பெட்டியை லாட்ஜில் போட்டுவிட்டு நேரே போய்விடலாம்.

ஓசூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு சர்ஜாபூர் ரோட்டில் பிக் ப்ருவ்ஸ்கி பக்கம். மாரத்தஹள்ளியில் அயர்ன்ஹில், ஹெண்ணூரில் பிக் ப்ருவ்ஸ்கியின் இன்னொரு கிளை, இவையெல்லாம் கல்யாண மண்டபத்தை விடப் பெரிய இடங்கள். நடுவில் குளம், படிக்கட்டு, விளக்கு, எங்கே திரும்பினாலும் யாராவது போட்டோ எடுத்துக்கொண்டிருப்பார்கள். பிறந்தநாள் கூட்டத்துக்குச் சரி. பீர் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளப் போகிறவர் முதலில் இங்கே போக வேண்டாம். தெற்கே ஜெ.பி. நகரில் உரு ப்ரூபார்க் திறந்தவெளியில் மரங்களுக்கு நடுவே இருக்கிறது, பகல் நேரத்துக்கு ஏற்றது, மழை நாளில் யோசித்துப் போங்கள்.

வாசலில்

அடையாள அட்டை அசல் இருக்கட்டும், இல்லாவிட்டால் போனில் டிஜிலாக்கர். முகத்தைப் பார்த்தால் முப்பது தாண்டியது தெரிந்தாலும் சில இடத்தில் கேட்பார்கள், கோபித்துக்கொள்ள வேண்டாம், கடைக்காரருக்கு லைசென்ஸ் பயம்.

வார இறுதி இரவில் ரப்பர் செருப்பு, அரைக்கால் சட்டையோடு ஆண்கள் போனால் சில கடைகளில் திருப்பி அனுப்புவதுண்டு. ஆண்கள் மட்டும் ஆறேழு பேராகப் போனால் 'இடமில்லை' என்ற பதில் கிடைக்கவும் வாய்ப்புண்டு, இடம் இருந்தாலும். அநியாயம்தான். முன்கூட்டியே போனில் பெயர் பதிந்துவிட்டால் பெரும்பாலும் இந்தப் பிரச்சினை வராது. பகலில் இதெல்லாம் யாரும் பார்ப்பதில்லை.

பெண்கள் தனியாகவோ தோழிகளோடோ போகலாமா என்று தயங்குகிறவர்களுக்கு: தாராளமாக. நம் ஊர் டாஸ்மாக் பாரை மனதில் வைத்துக்கொண்டு இதைக் கற்பனை செய்ய வேண்டாம். பக்கத்து மேசையில் பாட்டி, பேரன், அப்பா, அம்மா என்று ஒரு குடும்பமே பிட்சா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்.

உட்கார்ந்ததும் கேட்க வேண்டியது

மெனு கார்டை ஓரமாக வைத்துவிட்டு, 'இன்றைக்கு டேப்பில் என்னென்ன இருக்கிறது' என்று கேளுங்கள். கார்டில் எட்டு வகை இருக்கும், அன்றைக்கு ஐந்துதான் ஓடும். சில வகை தொட்டியில் தீர்ந்துபோயிருக்கும், புதிதாக ஒன்று வந்திருக்கும், கோடையில் மாம்பழம் போட்ட ஏதாவது ஒன்று எழுதாமலே இருக்கும்.

அடுத்து சாம்ப்ளர் கேளுங்கள். மரப்பலகையில் குழி போட்டு, நாலைந்து சின்ன கிளாஸில் கொஞ்சம் கொஞ்சமாக எல்லா வகையும் வைத்துத் தருவார்கள். சில கடையில் சாம்ப்ளர் இல்லையென்றாலும் 'கொஞ்சம் டேஸ்ட் பார்க்கலாமா' என்றால் ஒரு வாய் ஊற்றித் தருவார்கள், காசு கிடையாது, கேட்கக் கூச்சப்பட வேண்டாம். ஆனால் வரிசையாக எட்டையும் ஓசியில் கேட்டால் அவர்களும் மனுஷர்கள்தானே.

பிட்சர் மட்டும் வேண்டாம். ஒன்றரை லிட்டர் கூஜாவில் வரும், கணக்குப் பார்த்தால் மலிவு, நாலு பேர் இருந்தால் ஆசையாகவும் இருக்கும். பாதி தீர்வதற்குள் சூடாகி, நுரை போய், கடைசிக் கிளாஸ் கழுநீர் மாதிரி ஆகிவிடும், ஆனாலும் காசு கொடுத்தோமே என்று குடிப்போம்.

சாம்ப்ளர் வந்ததும் வரிசை முக்கியம். நிறம் குறைந்ததிலிருந்து கருப்பை நோக்கி, கசப்பு குறைந்ததிலிருந்து கூடியதை நோக்கிப் போங்கள். ஐபிஏவை முதலில் குடித்துவிட்டால் அதற்கப்புறம் எது குடித்தாலும் நாக்கில் அந்தக் கசப்புதான் நிற்கும். நடுநடுவே சாதாரணத் தண்ணீர் ஒரு வாய், அதையும் முதலிலேயே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மினரல் வாட்டர் பாட்டிலா என்று கேட்பார்கள், 'நார்மல் வாட்டர்' என்று சொல்லிவிடுங்கள்.

எது எப்படி இருக்கும்

பெயர்கள் கடைக்குக் கடை விதவிதமாக இருக்கும், உள்ளே இருக்கும் வகைகள் பெரும்பாலும் இந்த ஐந்தாறுதான்.

புதிதாக வருகிறவர்கள் ஆரம்பிக்க வேண்டியது பெல்ஜியன் விட். கோதுமை போட்ட, வெளிறிய, லேசான பீர். அதில் ஆரஞ்சுத் தோலும் மல்லி விதையும் போடுவார்கள், நம் ரசப்பொடிக்கு வறுக்கிற அதே தனியாதான். அதனாலோ என்னவோ நம் ஆட்களுக்குப் பெரும்பாலும் முதல் வாயிலேயே பிடித்துவிடுகிறது.

ஹெஃபவைஸன் அல்லது வைஸ் என்று எழுதியிருந்தால் ஜெர்மன் வழிக் கோதுமை பீர். மூக்கருகே கொண்டுபோனால் வாழைப்பழ வாசம், கொஞ்சம் கிராம்பு வாசம். வாழைப்பழமும் போடவில்லை, கிராம்பும் போடவில்லை, அந்த வகை ஈஸ்ட் புளிக்கும்போது தானாக உண்டாக்கும் வாசனை அது. பெங்களூரில் ஏறக்குறைய எல்லாக் கடையிலும் இருக்கும் பீர் இதுதான், அதனால் ஒரு கடையின் தரத்தைப் பார்க்க நான் இதைத்தான் கேட்பேன்.

லாகர், பில்ஸ்னர் என்றால் நீங்கள் ஏற்கெனவே பாட்டிலில் குடித்துப் பழகிய ரகத்தின் நல்ல வடிவம். தெளிவாக, பொன்னிறமாக இருக்கும். இது எல்லாக் கடையிலும் எப்போதும் இருக்காது, அதற்குக் காரணம் இடநெருக்கடி. ஏல் வகை பீர் (கோதுமை பீர், ஐபிஏ, ஸ்டௌட் எல்லாம் இதில் சேர்த்தி) இருபது டிகிரி வாக்கில் புளித்து இரண்டு மூன்று வாரத்தில் தயாராகிவிடும். லாகர் பத்து டிகிரி வாக்கில் மெதுவாகப் புளித்து, அப்புறமும் குளிரில் கிடந்து பக்குவமாக வேண்டும், ஒரு மாதத்துக்கு மேல் ஒரு தொட்டியைப் பிடித்துக்கொள்ளும். இருக்கிற ஆறேழு தொட்டியில் அவ்வளவு நாள் ஒன்றை ஒதுக்க எல்லாக் கடைக்காரரும் தயாராக இல்லை. அதனால் பீர்ப் பட்டியல் எழுதிய பலகையில் நல்ல பில்ஸ்னர் பார்த்தால் விடாதீர்கள், அந்தக் கடை பொறுமையான கடை.

ஐபிஏ, அதாவது இந்தியா பேல் ஏல், கசப்பு. ஹாப்ஸ் என்ற பூவைத் தாராளமாகப் போட்டுச் செய்வது, பழ வாசமும் பிசின் வாசமும் வரும். பெயரில் இந்தியா இருப்பது, லண்டனிலிருந்து கப்பலில் இந்தியாவுக்கு வந்த பேல் ஏல் என்பதால். அந்தப் பூ இந்தியாவில் ஹிமாச்சலின் லாஹௌல் பள்ளத்தாக்கில் கொஞ்சம் விளைகிறது, மற்றபடி பெரும்பாலும் ஜெர்மனியிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் இறக்குமதிதான், விலை கூடுவதற்கு அதுவும் ஒரு காரணம். பாகற்காய் விரும்பிச் சாப்பிடுகிறவருக்கு ஐபிஏ பிடிக்கும் என்று ஒரு நண்பர் அடித்துச் சொல்வார், எனக்கு இரண்டும் பிடிக்கும் என்பதால் நான் எதிர்த்துப் பேசியதில்லை.

ஸ்டௌட் கருப்பு. பார்த்ததும் 'ஐயோ ஸ்ட்ராங்' என்று ஒதுக்கிவிடுகிறார்கள், அது தப்பு. கருப்பு நிறம் வறுத்த பார்லியிலிருந்து வருகிறது, காப்பி வாசமும் அங்கிருந்துதான். நிறத்துக்கும் போதைக்கும் சம்பந்தமே இல்லை, ஐந்து சதவீதத்துக்குக் கீழே ஸ்டௌட் உண்டு, வைக்கோல் நிறத்தில் எட்டைத் தொடும் பெல்ஜிய வகையும் உண்டு. ஃபில்டர் காப்பி ஊர்க்காரர்கள் இதை ஒரு வாயாவது பார்க்காமல் போவது நியாயமே இல்லை.

சைடர் ஆப்பிளில் செய்வது, பீர் கணக்கில் வராது, ஆனால் பலகையில் கூடவே இருக்கும். கோதுமை, பார்லி ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது ஒரு வழி.

பெயருக்குப் பக்கத்தில் இரண்டு எண் போட்டிருப்பார்கள். ஏபிவி என்றால் ஆல்கஹால் சதவீதம். இந்தியாவில் பீருக்கு உணவுத்தர ஆணையம் வைத்திருக்கும் உச்சவரம்பு 8%, ஐந்தைத் தாண்டினாலே ஸ்ட்ராங் கணக்கு. ஐபியு என்றால் கசப்பின் அளவு, விட் பத்துப் பதினைந்தில் இருக்கும், ஐபிஏ நாற்பதுக்கு மேல் போகும். முதல் எண்ணைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும்.

கூலிங் பற்றி ஒரு வார்த்தை

நம்மூரில் பீர் வாங்கும்போது முதல் கேள்வியே 'கூலிங் இருக்கா' என்பதுதான். இங்கே ஐஸ் மாதிரி இருக்காது, இருக்கவும் கூடாது. மிகவும் குளிர்ந்தால் நாக்கு மரத்து, வாசனை அடங்கிவிடும், வாழைப்பழமும் தெரியாது, காப்பியும் தெரியாது. ஸ்டௌட்டை வந்ததும் குடிக்காமல் ஐந்து நிமிடம் வைத்துவிட்டு எடுங்கள், வேறு பீர் மாதிரி இருக்கும். நுரையையும் ஊதித் தள்ள வேண்டாம். இரண்டு விரல் நுரை இருந்தால் அளவில் ஏமாற்றுகிறார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டாம், வாசனையை மேலே கொண்டுவருவதே அதுதான்.

அதே சமயம் பீர் உண்மையிலேயே சரியில்லை என்றால் சொல்லுங்கள். வெண்ணெய் பாப்கார்ன் வாசம், வேகவைத்த சோள வாசம், வினிகர் புளிப்பு, இந்த மூன்றில் ஒன்று தூக்கலாக வந்தால் காய்ச்சியதிலோ குழாயைக் கழுவியதிலோ கோளாறு. புளிப்பாகவே செய்யும் வகை ஒன்று உண்டு, அதற்குப் பலகையிலேயே 'சவர்' என்று எழுதியிருப்பார்கள். மற்றதில் புளிப்பு வந்தால் மரியாதையாக மாற்றித் தரச் சொல்லுங்கள், நல்ல கடை மறுபேச்சில்லாமல் மாற்றும். மாற்ற மறுக்கும் கடையில் அடுத்த கிளாஸ் வாங்காதீர்கள்.

சைட் டிஷ்

வெறும் வயிற்றில் ஆரம்பிக்காதீர்கள், இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உட்கார்ந்ததும் முதலில் சாப்பாட்டை ஆர்டர் பண்ணிவிடுங்கள், சமையலறையிலிருந்து வர இருபது நிமிடமாவது ஆகும்.

லேசான கோதுமை பீருக்கு மீன் வறுவல், இறால், எலுமிச்சை பிழிந்த எதுவும் பொருந்தும். ஐபிஏவோடு காரமான ஆந்திரா சில்லி சிக்கன் எடுத்தால் கசப்பும் காரமும் ஒன்றையொன்று ஏற்றிவிட்டு வாய் எரியும். சிலருக்கு அதுதான் சுகம். ஸ்டௌட்டுக்கு மங்களூர் நெய் ரோஸ்ட், சுட்ட இறைச்சி, அல்லது நேராக சாக்லேட் கேக். சைவக்காரர்களுக்குப் பனீரும் பிட்சாவும் எங்கும் உண்டு, பெங்களூர்க் கடைகளில் காங்கிரஸ் கடலை என்று ஒரு மசாலா வேர்க்கடலை கிடைத்தால் அதை வாங்கி வைத்துக்கொண்டு மாலை முழுக்க ஓட்டலாம்.

குடிக்காமல் கூட வந்திருப்பவருக்கு வெறும் கோக் வாங்கிக் கொடுத்து ஓரமாக உட்கார வைக்க வேண்டாம். நிறைய இடங்களில் ஆல்கஹால் இல்லாத இஞ்சிப் பானம், பழச்சாறுக் கலவைகள் நன்றாகவே இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

பில்

விலை இடத்துக்கு இடம் மாறும். பாட்டில் பீர் விலையை மனதில் வைத்துக்கொண்டு போனால் அதிர்ச்சிதான், அதனால் போகுமுன் ஆளுக்கு இவ்வளவு என்று பேசிவைத்துக்கொள்ளுங்கள். பில்லில் சாப்பாட்டுக்கு ஜிஎஸ்டி தனியாக வரும், மது ஜிஎஸ்டிக்குள் வராது என்பதால் அதற்கான மாநில வரி வேறு கணக்கில் இருக்கும். பத்து சதவீதம் வாக்கில் சர்வீஸ் சார்ஜ் சேர்த்திருந்தால், அது கட்டாயமில்லை என்று நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் வழிகாட்டுதல் போட்டிருக்கிறது, 2025 மார்ச்சில் டெல்லி உயர்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வேண்டாமென்றால் எடுக்கச் சொல்லலாம். எடுக்கச் சொன்னால், நன்றாகக் கவனித்த பையனுக்கோ பெண்ணுக்கோ கையில் ஏதாவது கொடுத்துவிட்டு வாருங்கள், சர்வீஸ் சார்ஜையும் எடுக்கச் சொல்லி டிப்ஸும் வைக்காமல் போவது நன்றாக இருக்காது.

திரும்புவது

வண்டி எடுக்கவே கூடாது. மோட்டார் வாகனச் சட்டப்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால் வரைதான் வரம்பு. எழுபது கிலோ எடையுள்ள ஒரு ஆண் ஐந்து சதவீத பீர் அரை லிட்டரைக் கொஞ்சம் வேகமாகக் குடித்தாலே அதைத் தாண்டிவிடக்கூடும், எடை குறைந்தவர்களுக்கும் பெண்களுக்கும் இன்னும் சீக்கிரம். 'ஒரே ஒரு பைண்ட்தானே' என்பதெல்லாம் ஊதும் கருவிக்குத் தெரியாது. முதல் தடவை மாட்டினால் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வார இறுதியில் இந்திரா நகர், கோரமங்கலா பக்கமெல்லாம் போலீஸ் நிற்கும். நிற்காவிட்டாலும் ரோட்டில் மற்றவர்கள் இருக்கிறார்கள்.

கடைகள் இரவு ஒரு மணி வரை இருக்கும், மெட்ரோ பதினொரு மணி வாக்கிலேயே ஓய்ந்துவிடும். அந்த இடைவெளியில்தான் ஆட்டோக்காரர் மீட்டர் போடாமல் வாய்க்கு வந்த ரேட் சொல்வார், ஆப்பில் கேப் பிடித்தாலும் விலை எகிறி நிற்கும். அல்சூர், இந்திரா நகர்ப் பக்கம் ஆட்டோ ஓட்டுகிறவர்களில் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய உண்டு, பேச்சு சுலபமாக இருக்கும், ரேட் அதனால் குறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பத்து மணிக்கே பில் கேட்டுவிட்டால் ரயிலைப் பிடித்துவிடலாம். மெட்ரோ டிக்கெட்டைப் போகும்போதே வாட்ஸ்அப்பிலோ கார்டிலோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், திரும்பும் நேரத்தில் கவுன்டரில் வரிசை இருக்கும்.